கிள்ளானுக்கே போன கிள்ளான் சாலைப் பொட்டலம்

ரெபேக்கா அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் போன் செய்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. “வலி இல்லாம போச்சாம்மா?” என்றுதான் கேட்டேன். “ஆமா ஆன்டி, தூக்கத்துலயே போயிட்டாங்க,” என்றாள். அந்தப் புற்றுநோய் அவரைப் படுத்திய பாட்டைப் பார்த்தவர்களுக்கு என் நிம்மதி புரியும். அழுகை மறுநாள்தான் வந்தது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கூரியர் அலுவலகத்தில் அவரோடு குப்பை கொட்டிய நமக்கு அவருடைய குரல் மறக்காது. கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். தொண்ணூறுகளில் பார்கோடு இயந்திரம் வந்து இறங்கி நாமெல்லாம் மிரண்டு நின்றபோது, “இதுல என்னா லா பயம்? ஒரு ஸ்டிக்கர் பேரு, இன்னொண்ணு வழி. அவ்வளவுதான்,” என்றார்.

உண்மையில் அவ்வளவுதான். தடித்த கோடு, மெல்லிய கோடு, நடுவே வெள்ளை இடைவெளி. இவற்றின் வரிசைதான் எண். முதல் ஸ்டிக்கரில் பொட்டலத்தின் சொந்த எண். அது எங்கே போகவேண்டும் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு நிலையத்திலும் ஸ்கேனர் படிக்கப் படிக்க, எங்கே இருக்கிறது என்று மட்டும் கம்ப்யூட்டர் சொல்லும். இரண்டாவதில் நாம் தட்டும் போஸ்கோட், அதாவது ஊரின் அஞ்சல் எண். பொட்டலங்களைப் பிரிக்கும் பெல்ட் அதைப் படித்துத்தான் எந்த ஊர்ப் பையில் தள்ளுவதென்று முடிவு செய்யும்.

என் தங்கை கலா அப்போது செமினியில் தொழிற்சாலை வேலையில் இருந்தாள். நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வயது வரம்பால் அதுதான் கடைசி வாய்ப்பு. ஒரிஜினல் சான்றிதழ்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஜாலான் கிளாங் லாமாவில், அதாவது கோலாலம்பூரிலேயே உள்ள பழைய கிள்ளான் சாலையில், இருக்கும் கல்லூரிக்குப் போய்ச் சேரவேண்டும். லீவு கிடைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் கம்பெனிதானே என்று நம்பி எங்கள் கூரியரில் போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை வரை போய்ச் சேரவில்லை. எண்ணைத் தட்டிப் பார்த்தேன். கோலாலம்பூர், கிள்ளான், மறுபடி கோலாலம்பூர், மறுபடி கிள்ளான். கிள்ளான்காரர்கள் விலாசத்தைப் படித்து ‘இது கோலாலம்பூர் சாலை’ என்று திருப்பி அனுப்ப, எங்கள் பெல்ட் அதைத் திரும்பக் கிள்ளானுக்கே தள்ளியிருக்கிறது. “அடப்பாவிகளா, என் தங்கச்சி வாழ்க்கை என்னா ஊஞ்சலா?” என்று கத்தினேன். சூப்பர்வைசர் செமினி கவுண்டர்தான் காரணம் என்று ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் கிள்ளான் லோரி வந்ததும் ரெபேக்கா அக்கா பெல்ட்டுக்கு முன்னாலேயே பைகளைக் கொட்டித் தேடினார். பொட்டலத்தை எடுத்து இரண்டாவது ஸ்டிக்கரைப் பார்த்தவர் முகம் வெளுத்தது. கோலாலம்பூரின் ஐம்பத்தெட்டில் தொடங்கவேண்டிய போஸ்கோட் கிள்ளானின் நாற்பத்தொன்றில் தொடங்கியது. ஓரத்தில் தட்டியவரின் குறி, அவருடையது.

“எல்லாரும் நிறுத்துங்க! தப்பு என்னுது!” என்று ஹாலே அதிரக் கத்தினார். “கிளாங்னு பாத்ததும் எங்க ஊரு நம்பரத் தட்டிட்டேன். செமினிக்காரன ஒண்ணும் சொல்லாதீங்க.” “மெஷின் கண்டுபிடிக்காதாக்கா?” என்று யாரோ கேட்டார்கள். “கோடு அழிஞ்சிருந்தா படிக்காம துப்பும். இது நல்ல நம்பராச்சே, அதுக்கு எப்படித் தெரியும்?” என்றபடி மார்க்கர் பேனாவால் அந்தக் கோடுகளைக் கறுப்பாக அடித்தார். பெல்ட்டில் வைக்கவில்லை. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டாக்சி பிடித்துப் போய்விட்டார்.

வெளியே பேய் மழை, ஜாம். நான் போனையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நாலரைக்கு அடித்தது. “குடுத்துட்டேன்டி. காலேஜ் முத்திரை, சாப்பு அடிச்சு ரசீது வாங்கிட்டேன்,” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம், “கலா எப்படி இருக்கா?” என்று கேட்பார். சும்மா விசாரிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். போன மாதம் பார்க்கப் போனபோது அவருக்குப் பேச்சு ஏறக்குறைய நின்றிருந்தது. குனியச் சொல்லிக் காதில் கேட்டார்: “அவ நர்ஸாத்தான இருக்கா?”

“ஆமாக்கா. டியூட்டி முடிஞ்சு வந்து தூங்குறா.”

“அப்பாடா,” என்றார்.

இத்தனை வருடமாக அந்த வெள்ளிக்கிழமையை அவர் இறக்கியே வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ‘அப்பாடா’ ஒன்றுதான். கலா நர்ஸாகத்தான் இருக்கிறாள், அக்கா. நீங்கள் தூங்குங்கள்.