தள்ளி நின்ற சித்தி

சித்தப்பாவுக்கு மனிதர்களைப் படம் எடுப்பது பிடிக்காது. மனிதர்கள் கண் சிமிட்டுவார்கள், மலை சிமிட்டாது என்பார். விடியல் வெளிச்சத்துக்காக எந்த ஊருக்கும் போவார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மலேசிய ஊரான ஈப்போவிலிருந்து இருட்டோடு கிளம்பி, காம்பார் பக்கத்தில், ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்த பழைய ஈயக்குட்டை ஒன்றுக்குப் போவோம். சித்தப்பா காமெராவையும் முக்காலியையும் சுமப்பார். சித்தி காப்பி பிளாஸ்க்கை. நான் பிஸ்கட் டின்னை.

மூடுபனி விலகி, எதிரே சுண்ணாம்புக்கல் மலையின் மேல் முதல் வெளிச்சம் விழும். சில நிமிடந்தான் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் சித்தி கரையோரம் போய் நிற்பார்.

"தள்ளி நில்லு லா, படத்துல விழுற" என்பார் சித்தப்பா.

"விழுந்தா மலைக்கு வலிக்குமா?" என்று சிரித்துக்கொண்டே சித்தி நகர்வார்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில், நான்கு நாள் காய்ச்சலில் சித்தி இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். சித்தப்பா பெட்டி பெட்டியாகத் தரையில் கொட்டித் தேடினார். ஊர்வாரியாக அடுக்கியிருந்த படங்கள்: பனி, மலை, ரப்பர் மரங்களுக்கிடையே விடியல். கல்யாணப் படத்தில் சித்தி தலை குனிந்திருந்தார். மாலைக்கு மேலே வகிடுதான் தெரிந்தது. அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது. இறப்பைப் பதியப் போன இடத்தில் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"இத்தனை படத்துல அண்ணி மொகம் ஒன்னுகூட இல்லையா அண்ணே?" என்று கேட்டு அத்தை அழுதார்.

சித்தப்பாவின் கையில் ஒரு படம் இருந்தது. அதன் ஓரத்தில் சித்தியின் முழங்கையும் பிளாஸ்க்கும் மட்டும் விழுந்திருந்தன. காரியத்தன்று குத்துவிளக்குக்கே மாலை போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா என்னை மட்டும் அழைத்துக்கொண்டு ஈயக்குட்டைக்குப் போனார். அன்று விழுந்ததைப் போன்ற வெளிச்சத்தை நான் பிறகு பார்த்ததில்லை. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் காமெராவில் கண்ணை வைத்து, வெறும் கரையைப் பார்த்துச் சொன்னார்:

"அங்கயே நில்லு லா. நகராத."

என்னைத்தான் சொல்கிறார் என்று ஓடிப்போய்ச் சித்தி நிற்கும் இடத்தில் நின்றேன். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். காமெரா சத்தம் வரவேயில்லை. மலை வெளுத்து, வெயில் சாதாரண வெயிலானது. சித்தப்பா காமெராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

நான் கண் சிமிட்டிவிட்டேன், அதனால்தான் அவர் எடுக்கவில்லை என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் கண்ணாடி முன் நின்று, சிமிட்டாமல் இருக்கப் பழகினேன். ஞாயிறு விடியுமுன் எழுந்து, பிஸ்கட் டின்னோடு எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தேன். சித்தப்பா வரவில்லை.