இழுவைப் படகின் கொக்கி

பித்தளை சூடாக இருப்பது பார்த்தால் தெரியாது. தொட்ட பிறகுதான் தெரியும். நெருப்போடு பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விரல் நுனியைப் பார்த்தே நாம் ஒருவரையொருவர் கண்டுகொள்வோம்.

தொண்ணூறுகளின் நடுவில் போத்தனூரில் ஒரு தகரக் கொட்டகையில் பற்றவைக்கும் வேலை பார்த்தேன். அதற்கு முன் துடியலூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன், அதை மூடிவிட்டார்கள். இங்கே நாங்கள் செய்தது ரேடியோவில் ஓடும் பொம்மைப் படகுகளுக்கான பித்தளைச் சாமான். விரல் நீளத்தில் சுக்கான், பேனா ரீஃபில் போலக் குழாய், நங்கூரம், கைப்பிடிக் கம்பி. கரையில் நின்று கையிலுள்ள பெட்டியின் குச்சியைத் திருப்பினால் தண்ணீரில் படகு திரும்பும். மில்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ரிட்டயர் ஆனவர்களும் வாங்குவார்கள். கொட்டகையில் மூன்றே பேர்: முதலாளி அரங்கசாமி நாயுடு, லேத் ஓட்டிய பஷீர் பாய், நான்.

திங்கட்கிழமைக் காய்ச்சல்

வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஒட்டுகிற வெள்ளிப் பற்று வைப்பதென்றால் பித்தளையைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சூடு கொஞ்சம் கூடிப்போனால் வெள்ளைப் புகை கிளம்பும். கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. ஃபேன் போட்டால் தீ அலைகிறதென்று அதையும் நிறுத்திவிடுவோம். சாயங்காலம் வாயில் காசைச் சப்பியது போல ஒரு ருசி வரும். பிறகு காய்ச்சல் வந்து குளிர் தூக்கிப்போடும். விடிந்தால் ஒன்றும் இருக்காது. மலேரியாவாக இருக்கும் என்று டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்; இல்லை.

மற்ற நாளைவிடத் திங்கட்கிழமைதான் மோசம். சுவரில் ஒரு ஜன்னலாவது வெட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. நிஜமாகவே அக்கறையோடு யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழம லீவு உடறதுனாலதான் அம்மணி திங்கக்கிழம காயுது. கொஞ்ச நாளைக்கு லீவே எடுக்காம வந்து பாரு, சரியாப் போயிரும்."

மறந்துவிட்டு வந்த போசி

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த நூல் மில்லும் அந்தச் சமயத்தில்தான் கதவடைத்தது. மறுபடி திறப்பார்கள் என்று சங்கத்தில் சொன்னதை நம்பி, ஷிப்ட் நேரத்துக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டு வருவார். ஒரு மத்தியானம் நான் மறந்துவிட்டு வந்த சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

மேஜையில் அப்போதுதான் முடித்த சுக்கான் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். என்ன இது என்றார்; சொன்னேன். படகு எவ்வளவு பெரிசு என்றார். இரண்டு கையையும் அகட்டிக் காட்டினேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். எடுத்த இடத்திலேயே அதைப் பத்திரமாக வைத்தார். "நூல் நூக்கறதுக்கு ஆள் வேண்டாங்கறான். இதுக்கு வேணுங்கறான்."

பாயின் இடது பக்கம்

லேத்தில் பித்தளையைக் கடைந்தால் பிசிறு ஊசி ஊசியாகத் தெறிக்கும். கண்ணுக்குப் போடும் கண்ணாடி ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கீறல் விழுந்து, சின்ன சாமான் தெரியாமல் போனதால் யாரும் போடுவதில்லை. பிசிறு கண்ணில் தெறித்த அன்றைக்குப் பஷீர் பாய் கத்தவில்லை. ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மறு கையால் மிஷினை நிறுத்தினார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். ஆட்டோவில் போகும்போது விரலிடுக்கில் ரத்தம் வழிந்து சட்டைக் கையெல்லாம் நனைந்துவிட்டது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

தேறி வந்து அதே லேத்தில் உட்கார்ந்தார். முதல் நாள் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். நான் துணி எடுத்துக்கொண்டு போனேன். வாங்கித் தானே துடைத்தார். வீட்டில் அவர் சம்சாரம் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இப்பெல்லாம் அவ இந்த இடது பக்கமாவே உக்காந்துக்கறா அம்மணி. அழுதா எனக்குத் தெரியாதில்ல."

கல்லுக்குழி

எங்களிடம் சாமான் வாங்கும் தேவசகாயம் சார் ரயில் எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவரும் இழுவைப் படகைப் போலப் பொம்மைப் படகு ஒன்று செய்திருந்தார். அதற்குக் கயிறு மாட்டும் கொக்கி நான் பற்றவைத்தது. ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக ஓட்டுகிறேன், வந்து பாருங்கள் என்றார். நானும் பாயும் போனோம். ஊருக்கு வெளியே, கல் உடைத்து முடித்துக் கைவிட்ட கல்லுக்குழி; மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கும்.

போனபோது கும்பல் நின்றது. தண்ணீர் நடுவில் ஒரு பெண் குப்புற மிதந்துகொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் காணாமல் தேடிய பிள்ளையாம். சுற்றிலும் செங்குத்துப் பாறை. இந்தப் பக்கம் மட்டும் லாரி இறங்கிய சரிவு. ஆழம் தெரியாது என்று யாரும் இறங்கவில்லை. ஃபயர் வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுடைய அப்பா நைலான் கயிற்றுக் கத்தையோடு தண்ணீர் ஓரத்தில் நின்றார். எறிந்து எறிந்து பார்த்துக் கை சோர்ந்துபோயிருந்தது.

சார் கையில் இருந்த படகை அந்த அப்பாதான் முதலில் பார்த்தார். "ஏனுங்க, அது கயித்த இழுக்குமுங்களா?"

சார் என் பக்கம் திரும்பினார். "கொக்கி தாங்குமா அம்மணி?"

"தாங்குமுங்க சார்."

கயிற்றின் ஒரு முனையைப் பாய் பிடித்துக்கொண்டார். மறு முனையைக் கொக்கியில் மாட்டினேன். படகு அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும்; அப்புறம் இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தால் வந்துவிடுவாள். மோட்டார் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. படகு அவள் கிட்டப் போய் வளைந்தபோது, அவளுடைய அப்பா சாரின் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"மெதுவா ஓட்டுங்க சாமி. அவளுக்குத் தண்ணின்னாப் பயமுங்க."

துண்டில் சுற்றி வந்தது

அவளைக் கரை சேர்த்துக் கொஞ்ச நாள் கழித்துச் சார் படகைக் குளிக்கிற துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கொக்கியை எடுத்துவிடச் சொன்னார். வெள்ளிப் பற்றை இளக்கச் சூடு காட்டினால் படகின் மரத் தட்டு கருகிவிடும் என்றேன். அறுத்துவிடுங்கள் என்றார். ரம்பத்தால் அறுத்து, அடையாளம் தெரியாமல் அரத்தால் தேய்த்துக் கொடுத்தேன்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எஞ்சின் ஓட்டினவருக்கு இதெல்லாம் பார்த்துப் பழகியிருக்குமே என்று வாயை விட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தண்டவாளத்துல உளுந்தவங்களப் பாத்துருக்கறேன். ஆனா அது தண்டவாளம் போற பக்கம் போற வண்டி. இது நான் திருப்புனது அம்மணி."

வெள்ளகோவில் ஆர்டர்

சங்கதி எப்படியோ பரவிவிட்டது. வெள்ளகோவில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் பஸ் ஏறி வந்தார். அதே மாதிரிப் படகு வேண்டும், இன்னும் பெரிதாக, கொக்கியும் தடிமனாக. முதலாளிக்குச் சந்தோஷம், நாற்காலி போட்டுக் கலர் வாங்கிக் கொடுத்தார். தெரிந்துகொண்டே நான் கேட்டேன், எதற்குங்க என்று.

பெரியவர் கலரைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்கூர்லயும் ஒரு கல்லுக்குழி கெடக்குதுங்க. வேலி போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பாத்தாச்சு. இது சுலுவாட்ட இருக்குது."

ஆக, எத்தனையோ படகுகளுக்குச் சாமான் செய்து சோறு தின்றிருக்கிறேன். அதில் தண்ணீரில் ஓடி நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.