ஓரகத்தி கட்டாத சுங்க வரி

நானும் என் ஓரகத்தி சுமதியும் செங்கம் சாலையில் தனித்தனியே தியான மெத்தைகள் தைத்து விற்கிறோம். இருவருக்கும் துணி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். வந்த துணி மொத்தத்துக்கும் வரி கட்டிவிட்டு நான் திணற, அவள் இரண்டாவது தையல் கூடமே திறந்துவிட்டாள்.

"நான் மொத்தமா வரி கட்றதில்லக்கா. எடுக்கிற துணிக்கு மட்டுந்தான்" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஏமாற்றுகிறாள் என்றே முடிவு செய்து, சுங்கத் துறைக்குப் புகார் எழுதினேன். எங்கே அனுப்புவது என்று, துறைமுகத்தில் என் சரக்கை எடுத்துத் தரும் ஏஜென்டிடம் போனில் கேட்டேன். அவள் பெயரைச் சொல்லாமல், ஒருத்தர் எடுக்கிற துணிக்கு மட்டுமே வரி கட்டுகிறார் என்று மட்டும் சொன்னேன்.

"அது தப்பில்லீங்க மேடம். துறைமுகத்துப் பக்கம் வர்த்தக மண்டலக் கிடங்கு இருக்குது. வாடகைக்கு அங்க வச்ச சரக்கு, நாட்டுக்குள்ள வந்ததா அர்த்தமில்ல. வெளிய எடுக்கறப்பதான் வரி. அங்கிருந்தே வெளிநாட்டுக்கு அனுப்பிட்டா வரியே கிடையாது" என்றார்.

அனுப்பியிருந்தால் சுமதி முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? புகாரைக் கிழித்துப் போட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் வயிறு எரிந்தால் நேரே அவளிடமே போய், "எப்படி செஞ்ச, எனக்கும் சொல்லு" என்று கேட்டுவிடுகிறேன். அவளும் எதையும் ஒளிக்காமல் சொல்கிறாள். அந்த மனசைப் பார்த்தும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை