தெரேஸ் டீச்சரின் தோட்டமும் எங்கள் வீட்டுச் சுவரும்

மூன்றாம் பீரியட் நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். எதுவானாலும் பியூனிடம் சொல்லியனுப்பும் தலைமையாசிரியை, அன்று தாமே வகுப்பு வாசலில் வந்து நின்றார். கோட்டுச்சேரியிலிருந்து ஆள் வந்திருப்பதாகவும், தெரேஸ் டீச்சர் காலையில் காலமாகிவிட்டதாகவும் சொன்னார். கரும்பலகையில் கணக்கு பாதியில் இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை.

நம் பள்ளி மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவரிடம் அறிவியல் படித்தவர்களுக்கு அவருடைய கண்டிப்பு தெரியும். தவளையின் இதயத்தைத் தப்பாக வரைந்தவளிடம், "நீ வரைஞ்ச தவளை நேத்தே செத்திருக்கும்" என்று சிரிக்காமல் சொல்வார். அவரோடு இதே பள்ளியில் வேலை பார்த்த நான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரியும்கூட. உங்களுக்குத் தெரியாத ஒரு கோடையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. அதில் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. டீச்சர் தனியாக இருந்தார். வீட்டுக்குப் பின்னால் குண்டுமல்லி, சம்பங்கி, பன்னீர் ரோஜா, மூலையில் ஒரு நந்தியாவட்டை. அவர் தலையில் பூ வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருக் கிணறுகள் கோடையில் உப்புக் கரிக்கும் என்பதால், விடிவதற்குள் தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து ஊற்றுவார். உச்சி வெயிலுக்குக் கீற்றுகளைச் சாய்த்து நிழல் கட்டுவார். "வெயில் ஏறினப்புறம் ஊத்துற தண்ணி வேருக்கு வெந்நி" என்பார்.

அந்த வருடம் அவருக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. அவருடைய ஒரே தம்பி கப்பலில் வேலைக்குப் போனவர். ஒரு வருடத்துக்கும் மேலாகக் கடிதம் இல்லை. மே மாதம் கிறிஸ்தவர்களுக்கு மாதாவின் வணக்கமாதம். முப்பத்தொரு நாளும் தம் கையால் வளர்த்த பூவை மாதா காலடியில் வைப்பதாக நேர்ந்துகொண்டார். தினமும் மாலை ஒரு தட்டில் பூவை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவார். திரும்பி வரும்போது, தபால்காரர் இந்தப் பக்கம் வந்தாரா என்று என்னிடம் கேட்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார்.

அதே மே மாதம் என் கணவர் துபாயிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். இரு வீட்டுக்கும் நடுவே இருந்த கிளுவை வேலியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் கட்டச் சொன்னார். டீச்சரின் கொல்லைத் தண்ணீர் எங்கள் முற்றத்தின் வழியாகத்தான் பின்பக்கத்து வாய்க்காலுக்குப் போகும். ஒவ்வொரு மழைக்கும் முற்றம் சேறாகிறதே என்று என் கணவர் ஒருமுறை முணுமுணுத்ததுண்டு, அவ்வளவுதான்.

அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் கொத்தனார் என்னிடம் வந்தார். "அந்த வீட்டுத் தண்ணி போக அடியில ஒரு குழாய் வச்சுடவாம்மா?" என்று கேட்டார். ஒரு நிமிடம் யோசித்தேன். இரண்டு மாதத்துக்காக வந்திருப்பவரிடம் முகச்சுளிப்பு எதற்கு என்று பட்டது. "வேண்டாம், நேரா கட்டிடுங்க" என்றேன்.

சுவர் எழும்பிய மறுநாள் டீச்சர் வந்து, தண்ணீருக்கு வழியில்லையே என்று தணிந்த குரலில் சொன்னார். நான், "அவங்க முடிவு பண்ணினது டீச்சர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கத்திரியில் மழை பெய்யும் என்று யார் கண்டது? அந்த வருடம் பகலெல்லாம் அனல், மாலையானால் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்படித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மறுநாள் காயும் வெயிலில் அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியில் முகந்து முகந்து தெருவில் ஊற்றினார். மாலையில் மறுபடி நிறைந்தது. "மழை செடியைக் கொல்லாது ஜமீலா. மழையை அடுத்து வர்ற வெயில்தான் கொல்லும்" என்று ஒருநாள் சுவருக்கு மேலே முகம் தெரியச் சொன்னார். முதலில் மல்லி இலைகள் மஞ்சளாயின. பிறகு சம்பங்கிக் கிழங்குகள் அழுகிய நாற்றம் எங்கள் அடுப்படி வரை வந்தது.

இருபத்துநாலாம் நாள் காலை என்னால் தாங்க முடியவில்லை. கடப்பாரையை எடுத்துச் சுவரின் அடியில் நானே நாலைந்து செங்கலைப் பெயர்த்தேன். வெதுவெதுவென்று தண்ணீர் என் கால்களை நனைத்துக்கொண்டு முற்றத்தில் பரவியது. கணவர் சத்தம் கேட்டு வந்து பார்த்தார். கொத்தனார் கேட்டதையும் நான் வேண்டாம் என்றதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தா குழாய் வச்சிருப்போமே புள்ள" என்றார். அன்று மதியமே ஒரு சிமெண்டுக் குழாய் வாங்கிவந்து பதிக்கச் செய்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்தது. செடிகள் பிழைக்கவில்லை. மேட்டில் நின்ற நந்தியாவட்டை மட்டும் ஐந்து நாள் பூத்தது. அதன் கடைசிப் பூக்கள் இருபத்தொன்பதாம் நாள் கோயிலுக்குப் போயின. முப்பதாம் நாள் காலை கடைத்தெருவுக்கு ஓடி இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"வாங்கின பூ வேண்டாம்" என்றார். "என் கையால வளத்ததுன்னுதான் நேந்துக்கிட்டேன்."

அன்றும் மறுநாளும் மாலை அவர் தட்டு இல்லாமல் கோயிலுக்குப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைகள் இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாதவர்போல முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

தம்பியின் கடிதம் வரவில்லை. அந்த வருடமும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. இரண்டு நாள் பூ வைக்காததால் ஒரு மனிதர் திரும்பாமல் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். பின்னம் கற்றுக்கொடுக்கிற புத்திக்குத் தெரியும். ஆனால் தபால்காரர் எங்கள் வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் பையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். டீச்சர் மறுபடி செடி வைத்தார், ஆனால் தொட்டிகளில் மட்டும்.

ஓய்வுபெற்ற பிறகு உடம்பு முடியாமல் கோட்டுச்சேரியில் தங்கை வீட்டில் இருந்தார். போன மாதம் பார்க்கப் போனேன். மெலிந்து, கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். தங்கை காபி போட உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். "டீச்சர், அந்தச் சுவத்துல குழாய் வேண்டாம்னு சொன்னது நான்தான். அவங்க இல்ல."

"தெரியும்" என்றார். "கொத்தனார் அந்த வாரமே சொல்லிட்டார்."

ஏன் ஒருதடவைகூட என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "கேட்டா நீ அழுவே. மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லணும். அது உள்ளேருந்து வருமான்னு எனக்குத் தெரியல. இப்பவும் தெரியல ஜமீலா."

காபி வந்தது. அரைப்பரீட்சை தொடங்கிவிட்டதா என்று கேட்டார். தொடங்கிவிட்டது என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவர் எனக்கு மன்னிப்பைத் தரவில்லை. பொய்யாக ஒன்றைத் தந்து அனுப்பவும் இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்தபின்னும், ஓய்வுபெறும் நாள் வரை ஒன்பது வருடம், பள்ளிக்கூடம் இருந்த ஒவ்வொரு காலையும் எட்டரை மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்று, "கிளம்பலாமா?" என்று கேட்டார். தெரேஸ் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தையைத்தான்.