மனோர் பார்க் வீட்டில் வியாழக்கிழமை சூப்

லண்டன் போய்வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அந்தப் பெரிய மணிக்கூண்டைப் பார்த்தீங்களா?" பார்த்தேன். பஸ் மேல்மாடியிலிருந்து, மழைக்குள், அரை நிமிஷம் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் சரக்கு இல்லை. என் லண்டன் பயணத்தின் பெரும்பகுதி மனோர் பார்க்கில் ஒரு சமையலறைக்குள் போயிற்று. அங்கே நான் சமைத்தது இட்லியும் இல்லை, இங்கிலீஷ்காரர் சாப்பாடும் இல்லை. சுவீடன் நாட்டுச் சாப்பாடு! "திருச்சியிலிருந்து ஏரோப்ளேன் ஏறிப் போனது இதுக்குத்தானா?" என்று என் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும், அவன் தலை.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹீத்ரோவில் இறங்கினேன். எலிசபெத் லைன் ரயிலில் நடுவே ஒரு தரம் மாறி, ஒன்றேகால் மணி நேரத்தில் மனோர் பார்க். ஸ்டேஷன் வாசலில் நேசன் நின்றிருந்தார். தோழி ஒருத்தி மூலமாக, அவர் வீட்டு மாடியறையை மூன்று வாரத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதிருக்கும், எலக்ட்ரீசியன் வேலை. என் பெட்டியை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தவர், தெருமுனை வந்ததும் நின்றார்.

"அன்ரி, ஒண்டு முதலே சொல்ல வேணும். வீட்டில இப்ப தாளிதம், பொரியல் ஒண்டும் இல்லை. என்ர மனுசி பிள்ளைத்தாச்சி. மணம் பட்டாலே சத்தி எடுக்கிறா. குறை நினையாதேங்கோ."

"மசக்கைதானே? அதுக்கு ஏன் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க? மூணு மாசத்துல சரியாயிடும்."

"நாலாம் மாதமும் துவங்கியிட்டுது, அன்ரி."

வரிசை வீடுகளில் ஒன்று. உள்ளே நுழைந்ததும் என் மூக்குக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சுவாமி படத்தில் பூ இருக்கிறது, வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு இருக்கிறது, மிளகாய் வாசனை மட்டும் இல்லை. தமிழர் வீடு இப்படி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணமற்றுக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. நேசனின் அம்மா புவனா அக்கா சமையலறையில் வெறும் சோறு வடித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வந்த காலோடு என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"ரசம் வைச்சன், ஏலாதாம். இடியப்பமும் சொதியும் செய்தன், கதவைத் திறக்க முதலே ஓடிப் போயிட்டாள். என்ர சமையலை ஊரெல்லாம் கேட்டு வாங்கித் திண்டதுகள், தங்கச்சி. என்ர மருமகளுக்கு அது நஞ்சாப் போச்சு." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

மருமகள் அபிராமி மாடியில் படுத்திருந்தாள். பிறந்து வளர்ந்தது சுவீடனில், கோத்தன்பர்க் பக்கம். நேசனைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. போன மாதமே ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். வாராவாரம் வெள்ளிக்கிழமை கிளினிக்கில் எடை பார்க்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமையும் எடை குறைந்தால் மறுபடி அட்மிஷன்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் மனசில் ஓடியது அந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

"ஏதாவது ஒண்ணு திங்கணும்போல இருக்குமே, என்னம்மா அது?" என்று கேட்டேன். அவள் கதவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமிக்குச் சொல்லாதேங்கோ, மனம் நோவா. எனக்குப் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் வேணும், அன்ரி. எங்கட ஸ்கூலில ஒவ்வொரு வியாழனும் தருவினம். வீட்டிலயும் அப்பா வியாழன் எண்டால் அதுதான் செய்வார்."

சுவீடனில் அது ஊர் வழக்கமாம். பள்ளிக்கூடம், ஆபீஸ் கான்டீன், வீடு, எங்கே போனாலும் வியாழக்கிழமை மஞ்சள் பட்டாணி சூப், அதன் பின்னால் ஜாம் தடவிய பான்கேக். ஏன் வியாழன் என்று கேட்டேன். "நீங்கள் ஏன் வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுறியள்? அப்பிடித்தான்" என்றாள். படுத்த படுக்கையிலும் வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

புதன்கிழமை காலை நேசனும் நானும் கிளம்பினோம். பாண்ட் ஸ்ட்ரீட் வரை அதே எலிசபெத் லைன், இருபத்தைந்து நிமிஷம். அங்கிருந்து மேரிலபோன் பக்கமாக ஒரு மைல் நடந்தால் ஒரு சின்ன சுவீடன் கடை. மீன் முட்டையைப் பற்பசை மாதிரிக் குழாயில் அடைத்து விற்கிறார்கள், மகராசர்கள். கடுகு விழுதும் குழாயில்தான். லிங்கன்பெரி என்கிற சிவப்புப் பழத்தின் ஜாம் ஒரு பாட்டில் நாலு பவுண்டு. கல்லாவில் நின்ற சுவீடன்காரப் பெண் எங்கள் கூடையைப் பார்த்துவிட்டு, "நாளைக்குத்தானே சமைப்பீர்கள்? புதன்கிழமை சமைத்து வைத்துவிடாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் கண்டிப்பாகச் சொன்னாள். கடைசியாக உலர்ந்த பட்டாணிப் பெட்டியைக் கையில் எடுத்தேன். அரைக் கிலோ, மூன்று பவுண்டு.

"நேசன், இது நம்ம மஞ்சள் பட்டாணி! ஈஸ்ட் ஹாம்ல மூட்டை மூட்டையா கிடக்குமே!"

"பேசாமல் வாங்குங்கோ அன்ரி. பிள்ளைக்கு அங்கத்தேதான் வேணும்."

வாங்கினோம். பன்றி இறைச்சியும் போடுவார்களாம், ஆனால் வியாழன் புவனா அக்கா விரதம். அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. இறைச்சி போடாத சூப்பும் பள்ளிக்கூடத்தில் உண்டு என்று அபிராமி சொல்லியிருந்ததால் தப்பித்தோம்.

வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும் புவனா அக்கா நான் பயந்த மாதிரி கோபப்படவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆருக்குக் காணும்? நாலு பேர் இருக்கிறம்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் போய், ஒரு கிலோ மஞ்சள் பட்டாணியோடு வந்து நின்றார். நம் பெண்களுக்கு ஊறப்போடுகிற விஷயத்தில் கை எப்போதுமே தாராளம். பெட்டிப் பட்டாணி ஒரு சட்டியில், ஈஸ்ட் ஹாம் பட்டாணி இன்னொரு சட்டியில், ராத்திரி முழுக்க ஊறின.

வியாழன் பத்து மணிக்கு அடுப்பு பற்றவைத்தோம். அபிராமி மாடிப்படியின் உச்சியில், ஜன்னலைத் திறந்துவைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டோம். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உத்தரவு வந்துகொண்டிருந்தது. பெட்டிப் பட்டாணியைப் புதுத் தண்ணீரில் போடு, மேலே மிதக்கிற தோலை எடு, ஒரு வெங்காயம், உப்பு, கொஞ்சம் தைம் இலை. அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா? இது கோயில் பிரசாதத்தைவிடச் சாதுவா இருக்கே!" என்றேன்.

"அதுதான் அன்ரி வேணும்!"

ஒன்றரை மணி நேரம் கொதித்ததும் பட்டாணி குழைந்து, உப்புப் போட்ட பருப்பு மாதிரி மஞ்சளாக நின்றது. நான் பக்கத்து அடுப்பில் பான்கேக்குக்குப் போனேன். மைதா, முட்டை, பால், உப்பு, நீர்க்க ஒரு மாவு. தட்டைச் சட்டியில் வெண்ணெய் போட்டு, ஒரு கரண்டி ஊற்றி, முப்பது வருஷப் பழக்கத்தில் வட்டமாகத் தேய்த்தேன்.

"அன்ரி! தோசை மாதிரித் தேய்க்காதேங்கோ! சட்டியைச் சாய்ச்சு ஓட விடுங்கோ!"

கதவு சாத்தியிருக்கிறது. கரண்டி உரசுகிற சத்தத்தை வைத்தே பிடித்துவிட்டாள், கில்லாடி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சட்டியைச் சாய்க்கிற சுவாரசியத்தில் நான் முதுகைக் காட்டி நின்றதுதான் வினையாகப் போயிற்று.

'சுர்ர்' என்று ஒரு சத்தம். திரும்பினால் புவனா அக்கா சின்னச் சட்டியில் எண்ணெய் காய்ச்சி, கடுகு, காய்ந்த மிளகாய், பூண்டு, பெருங்காயம் எல்லாம் பொரித்து சூப்புக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"வாய்வு, தங்கச்சி! பட்டாணி வெறும் வாய்வு. பிள்ளைத்தாச்சிக்குப் பெருங்காயம் போடாமல் எப்பிடிக் குடுக்கிறது?"

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பருப்பு வெந்தால் தாளிக்கிறது நம் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. எனக்கே அந்த மஞ்சளைப் பார்த்துக் கை துறுதுறுத்ததுதான். ஆனால் அதற்குள் மணம் கதவிடுக்கு வழியாக மாடியேறிவிட்டது. தடதடவென்று ஓடுகிற சத்தம், குளியலறைக் கதவு, பிறகு அந்தப் பொல்லாத சத்தம். காலையில் கஷ்டப்பட்டு விழுங்கியிருந்த பிஸ்கட்டும் போயிற்று. நேசன் படியேறி ஓடினார். புவனா அக்கா கரண்டியோடு சிலையாக நின்றார்.

"என்ர கை! என்ர கையை வெட்டிப் போட வேணும்" என்றார். அழுதுவிட்டார்.

எனக்கு ஒரு வேகம் வந்தது. தாளித்த பானையைப் பின்தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மூடிவைத்தேன். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ஊசிக் குளிர் வீட்டுக்குள் குடிவந்தது. ஈஸ்ட் ஹாம் பட்டாணி ஊறிக் கிடக்கிறதே! குக்கரைக் கழுவிப் போட்டு விசில் விட்டேன். புவனா அக்காவைக் காணோம் என்று பார்த்தால், எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கோட்டு போட்டுக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறார்.

"உள்ள வாங்கக்கா, குளிருது."

"வேண்டாம். என்ர உடுப்பெல்லாம் மணக்குது. அவள் சாப்பிட்டு முடிக்கட்டும், பேந்து வாறன்."

இரண்டு மணிக்கு அபிராமி நேசன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கிண்ணத்தில் சூப், ஓரத்தில் குழாயிலிருந்து ஒரு சொட்டுக் கடுகு விழுது. முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். நானும் நேசனும் மூச்சுவிடவில்லை. தோட்டத்துக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் புவனா அக்கா வானத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழன் மாதிரியே இருக்கு" என்றாள் அபிராமி. இரண்டாம் கரண்டி, மூன்றாம் கரண்டி. கிண்ணம் காலியாயிற்று. பிறகு பான்கேக், அதன்மேல் அந்தச் சிவப்பு ஜாம். நம் களாக்காய் மாதிரி ஒரு துவர்ப்பும் புளிப்பும். மூன்று சாப்பிட்டாள். நாங்கள் மேசையை விட்டு எழுந்திருக்காமல் கதை பேசினோம், எல்லாம் வெறும் பேச்சு, காது முழுக்க அவள் வயிற்றில். ஒரு மணி நேரம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. நேசன் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "அம்மா, சாப்பாடு வயித்தில நிண்டிட்டுது. உள்ள வாங்கோ" என்றார்.

"சுவீடன் பட்டாணி எண்டால் சும்மாவே!" என்றாள் அபிராமி. புவனா அக்கா என்னைப் பார்த்தார், நான் புவனா அக்காவைப் பார்த்தேன். ஈஸ்ட் ஹாம் ரகசியம் எங்கள் இருவரோடு இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை எடை ஏறவில்லை, குறையவும் இல்லை. அட்மிஷன் வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அந்த வீட்டில் தினமும் வியாழக்கிழமைதான். சட்டியைச் சாய்ப்பதில் நான் தேர்ந்துவிட்டேன். நேசன் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு கேம்பிங் அடுப்பை வைத்துக்கொடுத்தார். எங்கள் மூவருக்கான கறியையெல்லாம் புவனா அக்கா அங்கேதான் தாளித்தார். மழை பெய்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, எப்போது சாப்பாடு என்று கேட்கத் தொடங்கினார்.

நான் கிளம்பியதும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். பெட்டி வாசலில் நின்றது. விமானத்தில் தருகிறதை மனுஷர் தின்ன முடியாது என்று புவனா அக்கா எனக்காகக் கொட்டகையில் கத்தரிக்காய்க் கறி தாளித்துக்கொண்டிருந்தார். விடைபெற்றுக்கொள்ள நான் தோட்டத்துக்குப் போனேன். என் திருச்சி வீட்டில் அடுப்புக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை, நினைத்ததைத் தாளிக்கிறேன், நினைத்ததைத் தின்கிறேன். அதை எப்போதும் பெரிய சுகம் என்று எண்ணியிருந்தேன். கோட்டும் கம்பளித் தொப்பியுமாக அந்த அம்மாள் குளிரில் நின்று கடுகு பொரிப்பதைப் பார்த்தபோது, எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

மேலே மாடி ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. அபிராமி தலையை நீட்டினாள்.

"ஐயோ, பூட்டு பிள்ளை! ஜன்னலைப் பூட்டு!" புவனா அக்கா பதறிப்போய்ச் சட்டியை மூடியால் மூடி, மேலே தன் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். "மணம் வருது, உள்ள போ!"

அபிராமி உள்ளே போகவில்லை. மூக்கை விரித்து ஒரு தரம் இழுத்தாள், இன்னொரு தரம் இழுத்தாள். நான் நேசனைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

"மாமி," என்றாள், "அதில எனக்கும் கொஞ்சம் வையுங்கோ."