குடியானவன் வேஷம்

எங்கள் மடுல்கெல்ல கோப்பித் தோட்டத்தில் கூத்து என்றால் வீரன் வேஷம் பெரிய கங்காணி வீட்டுக்குத்தான். அவர் மகனுக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. வாயைத் திறந்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்து நாய்கள் எழுந்து ஓடும். எனக்குக் குரல் உண்டு. ஆனால் நான் தப்படிக்கிறவன் மகன். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கூப்பிடவும் தப்பு அடிப்பேன், கூத்தில் ஓரமாக நின்றும் அடிப்பேன். கங்காணி எதிரே வந்தால் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவையாவது வீரனாக ஆடியே தீருவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

கண்டியிலிருந்து குதிரையில் மாதா கோயிலின் வேதக்காரச் சாமியார் ஒருவர் வருவார். ஸ்பெயின் தேசத்தவர். காய்ச்சல்காரர்களைப் பார்த்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து பேசுவார். அவர் தேசத்துப் பழைய நாடகங்கள் சிலவற்றில் மண் கொத்துகிறவனே வீரன் என்று ஒருநாள் சொன்னார்.

"அதையெல்லாம் பெரிய ஆளுங்க பாத்தாங்களா சாமி?" என்றேன்.

"பார்த்தார்கள். ராஜாவும் பார்த்தார்."

அன்றைக்கே நான் ஒரு கதை கட்டினேன். படைத்தலைவன் ஒருவன் குடியானவன் களத்தை மிதிக்கிறான், தலைப்பாகையை எடுடா என்கிறான். குடியானவன் மறுத்து நிற்கிறான். கடைசியில் குடியானவனே படைத்தலைவனைக் கயிற்றால் கட்டுகிறான். கங்காணியிடம் உத்தரவு கேட்கப் போனேன்.

"படைத்தலைவனுக்கு வாளு உண்டாடா?"

"உண்டுங்க."

"குதிரை?"

"மூங்கில்ல ஒண்ணு செஞ்சிருவோமுங்க."

"அப்ப அது என் மகனுக்கு. குடியானவன் வேசத்த நீயே போட்டுக்க."

முடிவை அவர் கேட்கவே இல்லை. வாள் வைத்திருப்பவன்தான் வீரன், இதில் கேட்க என்ன இருக்கிறது! நானும் வாயைத் திறக்கவில்லை. நான் எதற்குத் திறக்க வேண்டும்? ஒத்திகை பார்த்ததால் கங்காணி மகனுக்கு முடிவு தெரியும். அப்பனிடம் சொன்னால் வாள் போய்விடும் என்று அவனும் கம்மென்று இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோப்பி காயப்போடும் களத்தில் கூத்து. வத்தேகமச் சந்தையில் வாங்கிய சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு முதல்முறையாகக் கங்காணியின் முன்னால் நிமிர்ந்து நின்றேன். "எடுக்க மாட்டேன்!" என்று நான் பாடியதும் சனம் ஓவென்று கத்தியது. பிறகு கயிற்றை எடுத்தேன். கங்காணிக்கு அப்போதுதான் விளங்கியது. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டேய்! கதைய மாத்துடா! அவன் கால்ல விழு!"

அப்பாவின் தப்புச் சத்தம் நின்றுவிட்டது. விழுந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். நான் விழவில்லை. கயிற்றையும் விடவில்லை. மகன் அப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"கட்டு. சனம் பாத்துக்கிட்டு இருக்கு."

கட்டினேன். பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் விடியலில் வழக்கம்போலப் பெரட்டுக்குத் தப்பு அடித்தேன். தலையில் அதே சிவப்புத் துணி. கங்காணி நேரே வந்து நின்றார்.

"கூத்து நேத்தே முடிஞ்சிருச்சுடா. தலைப்பாவ எடு."

"எனக்கு இன்னும் முடியலைங்க" என்று சொல்லிவிட்டு, தப்பை இன்னும் ஓங்கி அடித்தேன்.