உலைக்குள் போனவன்

தன் பிழைப்பே பாழாகட்டும் என்று ஒருவர் ஆசைப்படுவாரா?

கண்ணாடி ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. உலை குளிர்ந்தால் விரிசல் விட்டு எல்லோர் வேலையும் போய்விடும். அதனால் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை மட்டும் உள்ளே அனுப்பச் சங்கம் சம்மதித்தது. மூத்த உலைக்காரர் தன்னைத்தான் அனுப்புவார்கள் என்றிருந்தார். அனுப்பியதோ அவர் மனைவியின் தம்பியை. அவர் வாசலில் கொடியோடு நின்று புகைபோக்கியையே முறைத்தார்.

"என்னண்ணே, பார்வையாலயே அணைச்சிடுவீங்க போலிருக்கே?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"அவனுக்கு வீட்டு அடுப்பே பத்தவைக்கத் தெரியாதுடா!"

கோரிக்கைகள் வென்றதும் முதல் ஆளாக உள்ளே ஓடி, உலையைச் சுற்றிச் சுற்றி விரிசல் தேடினார். ஒன்றுகூட இல்லை.

"இத்தனை நாளா கண்ணே மூடல, இதுக்கு மேல என்னால முடியல மாமா. இனிமே நீங்களே பாத்துக்குங்க," என்றான் மைத்துனன்.

மறுநாள் அவர் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றல் கேட்டார். விண்ணப்பத்தில் காரணம் எழுதவில்லை; மைத்துனனிடம் மட்டும், "விரிசல் இருக்கணும்னு தேடினவன்டா நான்" என்றார்.